கேள்விக்கு மிஞ்சாத நேரம்

ஜூலை 3, வியாழன்

ஸ்கூடாய் சாலை நெரிசலில் மாட்டி, வீட்டுக்குள் நுழையும்போதே மணி எட்டு ஆகப் போனது. கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் லேப்டாப்பைத் திறந்தேன். சிறுநீரக நோயாளிகள் சங்கத்தின் வாராந்திர இணையக் கருத்தரங்கு எட்டு முதல் ஒன்பது வரை, நடத்துவது நான். எல்லோரும் காத்திருந்தார்கள், பேச வேண்டியவரைத் தவிர. டாக்டர் திருச்செல்வம், எங்கள் சங்கத் தலைவர், எட்டேகாலுக்குத்தான் வந்தார். பேச்சு ஒன்பதைத் தாண்டியது. கேள்விக்கு நேரமில்லை.

காஹாங் என்ற சிற்றூரிலிருந்து ராஜம்மா என்றொரு அம்மா ரொம்ப நேரமாகக் கையை உயர்த்தியபடி இருந்தார். ஒன்பதுக்கு இணைப்பை விட்டுப் போய்விட்டார்.

ஜூலை 4

ராஜம்மா பெயர் பதிந்தபோது கொடுத்திருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். மகள் ரூபினி எடுத்தாள், சிங்கப்பூரில் வேலையாம். அப்பா ஐயாசாமிக்கு வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ். ஒன்பது மணிக்கு அம்மா டியூப் வழியே வயிற்றுத் தண்ணீரை மாற்ற வேண்டும், அதனால்தான் போய்விட்டாராம். பிறகு அம்மாவிடம் கேட்டுச் செய்தி அனுப்பினாள்: "பெருசா ஒண்ணும் இல்லையாம்க்கா. அடுத்த வாரமே கேட்டுக்கிறாங்களாம்."

ஜூலை 10, வியாழன்

அலமாக், ஐயோ! மறுபடியும் அதே கதை. "டாக்டர், ஐந்து நிமிடம்தான் இருக்கு" என்று தனியாக எழுதி அனுப்பினேன். படித்துவிட்டு எல்லோர் முன்னாலும் சிரித்தார். "ஷாமளா அவசரப்படுத்துறாங்க. இந்த ஒரு விஷயம் மட்டும் சொல்லிடறேன்." அந்த ஒரு விஷயத்திலேயே ஒன்பது தாண்டிவிட்டது.

ராஜம்மாவின் கை அப்படியே இருந்தது. பிறகு இல்லை.

ஜூலை 11

டாக்டருக்குப் போன் செய்தேன். கேள்விக்குக் கொஞ்சம் நேரம் விடலாமே என்றேன்.

"முப்பது வருஷமா மேடையில பேசுறேன் ஷாமளா. ஜனங்க கேக்கத்தான் வர்றாங்க."

கேக்கத்தான் வர்றாங்க. அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. "சரி டாக்டர்" என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

இன்றைக்கு டாக்டரை நிறுத்தியே ஆகணும்.

ஜூலை 18

நேற்று எட்டு ஐம்பதுக்கு நிறுத்திவிட்டேன்.

"மன்னிக்கணும் டாக்டர், நேரமாச்சு" என்றேன். அவர் காதில் விழாத மாதிரி தொடர்ந்தார். இன்னொரு முறை சொன்னேன். பிறகு அவர் மைக்கை மூடினேன். திரையில் அவர் உதடு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் அசைந்தது, நின்றது.

"ராஜம்மா, பேசுங்கம்மா."

"வணக்கம்ங்க. வீட்டுக்காரருக்கு வயித்துல டியூப் போட்ட எடம் ரெண்டு வாரமா செவந்து கெடக்கு. அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன். இன்னிக்குக் காலையிலேர்ந்து வெளிய வர்ற தண்ணி அரிசி கழுவுன தண்ணி மாதிரி இருக்கு. நர்ஸ் நம்பர் இருக்கு... இதுக்குப் போயி அவங்கள தொந்தரவு பண்ணலாமான்னு..."

டாக்டரின் மைக்கைத் திறந்தேன். முகத்தில் கோபம் போய் வேறெதுவோ வந்திருந்தது.

"காய்ச்சல் இருக்காம்மா?"

"உடம்பு சுடுதுங்க. வயிறு வலிக்குதுங்குறாரு."

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அந்தத் தண்ணிப் பையையும் எடுத்துட்டுப் போங்க."

"காலையில போனா..."

"இப்பவே போங்கம்மா!"

அவர் கத்தி நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக் காரில் கிளம்புவதாகச் சொல்லிவிட்டு ராஜம்மா இணைப்பிலிருந்து வெளியேறினார்.

கூட்டம் முடிந்ததும் டாக்டரின் செய்தி: "அடுத்த வாரத்திலிருந்து கென்னத் நடத்தட்டும்." கென்னத் சங்கச் செயலாளர். யாரையும் நிறுத்த மாட்டார்.

ஜூலை 19

ரெண்டு வாரம். ரெண்டு வாரமா அந்தம்மா கையத் தூக்கிட்டு உக்காந்திருக்காங்க. மொத வாரமே நான் மைக்க மூடியிருந்தா? எதுக்கு அப்படி ஒரு பயம் எனக்கு — ஒரு பட்டனை அமுக்க?

ரூபினி போனை எடுக்கவில்லை.

ஜூலை 22

ரூபினி பேசினாள். அப்பா பக்கத்து நகரமான கிளுவாங் ஆஸ்பத்திரியில். வயிற்றுக்குள் கிருமி. "பொழச்சிட்டாருக்கா." ஆனால் டியூப்பை எடுத்துவிட்டார்கள். இனி வாரம் மூன்று நாள் கிளுவாங்குக்குப் போய் இரத்த டயாலிசிஸ் செய்ய வேண்டும். அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வரலாமா என்று யோசிக்கிறாளாம்.

நடந்ததை மட்டும் டாக்டருக்கு எழுதினேன்.

ஜூலை 24, வியாழன்

கென்னத் நடத்தினார். நான் பார்க்கவில்லை.

ஜூலை 25

டாக்டர் கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை.

"அந்தம்மா மொத வாரமே கை தூக்கினாங்களா?"

"ஆமா டாக்டர்."

நாட்காட்டியைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"திங்கட்கிழமை ஒரு மணி நேரம் வைங்க. பேச்சு வேணாம், கேள்வி மட்டும். நீங்கதான் நடத்தணும்."

மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. அவரிடமிருந்தும் சரி, என்னிடமிருந்தும் சரி.

ஜூலை 28, திங்கள்

டாக்டர் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். எட்டுக்குத் தொடங்கினேன். "யார் வேணும்னாலும் பேசலாம்" என்றேன். யாரும் பேசவில்லை. நானே எதையாவது சொல்லி நிரப்பிவிடலாமா என்றிருந்தது. டாக்டர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

கடைசியில் ஓர் ஆண்குரல். "மாசாய்லேர்ந்து காளியப்பன் பேசுறேன் டாக்டர். சின்ன விஷயம்தான். சொன்னா சிரிப்பீங்க லா."

"சிரிக்க மாட்டேன். சொல்லுங்க."

அதன்பிறகு வெகுநேரம் காளியப்பன்தான் பேசினார்.