நசுங்காத எலுமிச்சம்பழம்

ஞாயிறு, இரவு.

முட்டுக்காட்டுக்குப் போக வேண்டிய படகு, டிரெய்லரோடு இன்னும் வாசலிலேயே நிற்கிறது.

"காருக்குப் பின்னாடி டிரெய்லர் மாட்ட கீற இரும்புக் குண்டு சின்னது சார், டிரெய்லர் வாய் இத புடிக்காது" என்று டிரெய்லரைச் செய்த பம்மல் வெல்டர் நேற்றே சொன்னார். நூலளவு வித்தியாசத்தில் என்ன ஆகிவிடும் என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன். டிரெய்லர் கழன்றாலும் காரோடு பிடித்துவைக்கும் காப்புச் சங்கிலியையும் மாட்டவில்லை, அதில் பூமாலை சுற்றியிருந்தது.

காலையில் கார், டிரெய்லர் இரண்டின் ஆறு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டிக் காரை எடுத்தேன். இவ்வளவு லேசாக இழுக்கிறதே என்று பெருமையாக இருந்தது. தெருமுனையில் மனைவி போன் செய்தாள்.

"நாலு பழம்தாங்க நசுங்கியிருக்கு. ரெண்டு அப்படியே இருக்கு. படகும்தான்."

தாம்பரம் மேம்பாலத்தில் கழன்றிருந்தால்...

அந்த இரண்டையும் பிழிந்து சாப்பாட்டுக்குப் பின் ஜூஸ் கொடுத்தாள். சர்க்கரை இல்லை. நான் கேட்கவும் இல்லை.