தம்பி ஏற்றிய மெழுகுவத்தி

பிணங்களைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் வாசம், எத்தனை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. கண்ணையும் கரிக்கும். இன்று காலை கண் கலங்கியபோது மருந்தின் மேல்தான் பழியைப் போட்டேன். மருந்து என்ன செய்யும்? கல்லறைத் திருநாள். உன் நினைப்பு.

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரம் தனி மாவட்டமானபோது, திண்டிவனம் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் நாம் இருவரும் இளம் டாக்டர்கள். தலையில் அடியோ, சிக்கலான பிரசவமோ, நமக்குத் தெரிந்த ஒரே வழி பாண்டிக்கு அனுப்புவதுதான். மரக்காணத்துக் கர்ப்பிணி ஒருத்தி போகிற வழியிலேயே இறந்த அன்று நீ டீயைக்கூடத் தொடவில்லை.

"எத்தினி நாளைக்குடா ஏத்தி அனுப்பிக்கினே இருப்போம்? நம்ம மாவட்டத்துக்கு ஒரு மெடிக்கல் காலேஜ் வந்தே ஆவணும்."

"வந்தா நீ டீன் ஆயிடுவியா?" என்று சீண்டினேன்.

"டீன் வேலைய நீ பாரு. பசங்க படிக்க பாடி வேணுமில்ல? நான் போய்ப் படுத்துக்கறேன்."

கல்லூரி வந்தது. நான் அங்கே உடற்கூறியல் ஆசிரியனானேன். நீயும் உடல் தானத்துக்குக் கையெழுத்துப் போட்டாய். மாரடைப்பு இவ்வளவு சீக்கிரம் உன்னை அனுப்பிவைக்கும் என்று நினைக்கவில்லையடா.

உன்னைக் கல்லூரிக்கு ஏற்றிப்போக வந்த வண்டிக்குக் குறுக்கே உன் தம்பி நின்றான். "எங்க அப்பா பக்கத்துல எடம் வச்சிருக்கோம் சார். அண்ணன கூறு போடவா குடுப்போம்?" உன் மனைவிதான் அழுதுகொண்டே சொன்னார்: "அவரு குடுத்த வாக்கு. வழி வுடு தம்பி." விலகினான். அதன்பின் என்னோடு பேசவே இல்லை.

இன்று கல்லூரி வாசலில் நின்றான், கையில் செவ்வந்தியும் மெழுகுவத்தியுமாக. "ஊர்ல எல்லா கல்லறைலயும் ஏத்திட்டேன். அண்ணனுக்கு எங்க சார் ஏத்தறது?"

ஃபார்மலின் இருக்கும் கூடத்துக்குள் நெருப்பு கூடாது. வெளியே படிக்கட்டில், நான் கையால் காற்றை மறைக்க, அவன் ஏற்றினான். சுடர் நின்றதும் கேட்டான்: "பசங்க ஒழுங்கா படிக்குதுங்களா சார்?"

"படிக்குதுங்க" என்றேன்.

உள்ளே நீ படுத்திருக்கும் மேஜையைச் சுற்றி முதலாண்டுப் பிள்ளைகள். நீ யாரென்று அவர்களிடம் சொல்ல மாட்டேன். அது எங்கள் வழக்கம். ஆனால் உன் தம்பியின் கேள்வியை இனி நான்தான் சுமக்க வேண்டும். கை நரம்புகளைத் தப்பாகச் சொன்னவனைச் சரியாகச் சொல்லும்வரை சாப்பிட விடவில்லை. இவர்களில் ஒருவராவது நம்மூரிலேயே அந்த மரக்காணத்துக்காரியைப் போன்ற ஒரு தாயைப் பிழைக்க வைக்கும்வரை நான் விடப்போவதில்லை. நீ நிம்மதியாகப் படுத்திரு.