வாத்தியம் நின்ற இடம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு இதமாக உடுத்தி, சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நான் சௌக்கியம். அப்பாவுக்குத் தொண்டையில் தையல் பிரித்து மூன்று வாரம் ஆகிறது, ஆகாரம் தடையில்லாமல் இறங்குகிறது, உயிருக்குப் பயமில்லை, குரல்தான் இனி வராது என்று டாக்டர் மறுபடியும் சொல்லிவிட்டார். எது வேண்டுமென்றாலும் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். கையெழுத்து தெரியுமே, கோழி கிளறிய மாதிரி, படித்து முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

உன்னிடம் சொல்ல என்ன வெட்கம், அவர் குரல் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன், முகம் வருகிறது, இருமல்கூட வருகிறது, குரல் மட்டும் வரமாட்டேன் என்கிறது. முப்பத்தாறு வருஷம் காது புளிக்கக் கேட்டது இரண்டே மாதத்தில் எங்கேயடி போகும்? எனக்குத்தான் மூளை குழம்பிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. வீடு இப்படி அமைதியாகக் கிடக்க வேண்டாம், பாட்டாவது போடுவோம் என்று நீ அனுப்பிய போனில் அந்தப் பழைய பாட்டைத் தேடினேன், உன்னைத் தூங்கவைக்கப் போடுவேனே, அதேதான். வந்தது ஒன்றா இரண்டா! பழைய பாடகர் பாடியது, இருபது வருஷம் கழித்து ஒரு பெண் பாடியது, பிறகு ஒரு பையன் டமடமவென்று மேளம் வைத்துப் பாடியது, போன வருஷம் ஒருத்தி ஜுரத்தில் முனகுவது போலப் பாடியது. நாலிலும் மூன்றாவது சரணம் தப்பு. அந்த இடத்தில் வாத்தியம் எல்லாம் நின்று, வெறும் குரல் மட்டும் காதோரம் வந்து பாடுமே, அது எதிலும் இல்லை. பழைய பாடகர் பாடியதிலேயே இல்லை, வாத்தியங்கள் தம் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே போகின்றன. எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

கீழே சலூன்காரரைக் கேட்டேன், அங்க வாத்தியம் நின்னுடும்மா, எவனோ மாத்திட்டான் என்று அடித்துச் சொன்னார். எதிர்வீட்டுத் தையல்கார அக்காவோ, அந்த இடம் வந்தா நான் மிஷினையே நிறுத்திடுவேனே, உன் போன்தான் சரியில்ல என்றாள். மூன்று பேரும் நம் வீட்டில் கூடிப் போனைத் திட்டிக்கொண்டிருந்தோம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரித்தார், சத்தம்தான் இல்லை. பிறகு சிலேட்டை எடுத்து எழுதினார், அது நான் என்று.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் கேசட் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தாரே, அங்கிருந்த இசைத்தட்டில் அந்தச் சரணத்தில் ஒரு கீறலாம், ஊசி தாண்டிக் குதித்துவிடுமாம். வாடிக்கையாளர்கள் அவசரப்படுத்த, கேசட்டில் பதியும்போது அந்த ஓட்டையைத் தானே பாடி அடைத்துவிட்டாராம், அந்தக் கேசட்டிலிருந்துதான் இந்தத் தெரு முழுக்கப் பதிந்து வாங்கியிருக்கிறோம், என்னையும் சேர்த்து. வாத்தியத்தை நிறுத்திய இசையமைப்பாளரின் மூளையை நாங்கள் எவ்வளவு மெச்சியிருக்கிறோம்!

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தச் சரணத்துக்காகவே அந்தப் பாடகரக் கட்டிக்கிட்டிருக்கலாம் என்று இவர் முகத்துக்கு நேரே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். கல்யாணமான புதிதில் ஒருநாள் சவரம் பண்ணிக்கொண்டே அதை முணுமுணுத்தவரை, அவர் பாடினத நீங்க கெடுக்காதீங்க என்று அடக்கியும் இருக்கிறேன், அதோடு பாடுவதையே விட்டுவிட்டார். ஏன் சொல்லவில்லை என்று இப்போது சண்டை போட்டேன். சொன்னா நீ ரசிக்க மாட்டேன்னு பயம் என்று எழுதினார் அந்தக் கல்லுளிமங்கன். பாவி மனுஷன், எனக்கு ஆறவே இல்லை.

நம் வீட்டுக் கேசட்டை எலி கடித்துவிட்டதென்று நான் தூக்கிப் போட்டது உனக்குத் தெரியும். சலூன்காரர் தன்னுடையதில் வேறு பாட்டைப் பதிந்துவிட்டார், அக்காவுடையது பூஞ்சை பிடித்து அறுந்துவிட்டது. நீ கல்யாணமாகிப் போகும்போது அப்பா உன் பெட்டியில் நாலைந்து கேசட் வைத்தார், அதில் ஒன்று இதுதான் என்கிறார். வீடு மாற்றியபோது எங்கே வைத்தாயோ, நிதானமாகத் தேடு. கிடைத்தால் ஏதாவது மிஷினில் போட்டு அறுத்துவிடாதே, தெரிந்தவரிடம் கொடுத்துப் பிரதி எடு.

மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாதே, ராத்திரி வெந்நீர் குடி. இருவரும் நீண்ட ஆயுசோடும் ஒற்றுமையோடும் இருக்க எங்கள் ஆசீர்வாதம். கேசட் கிடைத்தால் உடனே எழுது. கிடைக்காவிட்டால் இல்லை என்று எழுதிவிடாதே, தேடிக்கொண்டே இருக்கிறேன் என்று எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா