கோரையில் கோத்த மீன்கள்

அன்புத் தம்பிக்கு,

இங்கே நானும் உன் அண்ணன் மகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ இருக்கும் ஊரின் வெயிலும் சாப்பாடும் உனக்கு ஒத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுத உட்கார்ந்தேன். விலாசம் உன் அக்கா கொடுத்தது. முதலில் தரமாட்டேன் என்றாள். "அவன் இப்பதான் ஒழுங்கா தூங்குறான், நீங்க எதையும் கிளறாதீங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான்கு முறை நடந்தேன். கடைசியில் ஒரு பழைய ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்தாள்.

கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை என்று சொன்னாள். கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய். உன் அண்ணன் எத்தனை தடவை சொல்லியும் கேட்காமல் கண் சிவந்து வந்து நிற்பாயே, அந்த அலட்சியம் அங்கே வேண்டாம்.

நான் இன்னும் அதே சீருடைக் கூடத்தில்தான் தைக்கிறேன். மேற்பார்வையாளர் மாறிவிட்டார். புதியவர் நல்ல மாதிரி, ஆனால் தையல் மெஷின் சத்தத்தைவிட அவர் சத்தம் பெரிது. உன் அண்ணன் வேலை பார்த்த பம்ப்பு ரிப்பேர் கடையை முதலாளி மூடிவிட்டார். அண்ணனுடைய ஸ்பேனர் பெட்டியை வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இன்னும் நான் திறக்கவில்லை. மகள் ஆறாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரி, எழுத்துதான் கோழி கிளறியது போல இருக்கிறது.

கடிதத்தின் தலைப்பில் நான் உன்னைத் 'தக்கை' என்று எழுதவில்லை, கவனித்திருப்பாய். ஒல்லியாக இருக்கிறாய், தண்ணீரில் தூக்கிப் போட்டாலும் மூழ்க மாட்டாய் என்று அண்ணன் வைத்த பெயர் அது. கூடப் பிறக்காத உன்னை அவர் அப்படிக் கூப்பிட்டபோது அதில் பாசம் இருந்தது. அவரை ஏரியிலிருந்து தூக்கி வந்த அன்று, அத்தனை பேர் நடுவில் உன்னைப் பார்த்து நான் சொன்னேனே, "தக்கை மிதந்துருச்சு, இரும்பு முங்கிடுச்சு" என்று. நீ ஏரியில் தேடிய ஈரம் காயாத சட்டையோடு சுவரோரம் நின்றிருந்தாய். நான் சொன்னதும் தலை குனிந்து வெளியே போனாய். அதற்குப் பிறகு என் முகத்தை நீ பார்க்கவேயில்லை. அந்த வார்த்தையை இந்த ஒன்றரை வருடமாக நாக்கில் முள்ளாக வைத்துக்கொண்டிருக்கிறேன். தம்பி, என்னை மன்னித்துவிடு.

அவரை அடக்கம் செய்து இரண்டு வாரம் கழித்து, ஒரு விடியற்காலை பின்கதவைத் திறந்தேன். அவருடைய ஈரச் சட்டை தொங்கும் ஆணியில் ஐந்து மீன்கள் தொங்கின. உள்ளங்கை அளவுக் கெண்டைகள். செவுளில் கோரைத் தண்டைக் கோத்து இரட்டை முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சு யாருடையது என்று எனக்குத் தெரியாதா? அப்படியே கழற்றி மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். பூனைகளுக்குக் கொண்டாட்டம். மறுநாளும் தொங்கின, மறுநாளும் எறிந்தேன். எட்டு நாள் நீயும் விடவில்லை, நானும் விடவில்லை.

ஒன்பதாம் நாள் எனக்கு முன்னால் மகள் எழுந்துவிட்டாள். மீனைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். "அம்மா, அப்பா பிடிச்சு அனுப்பியிருக்காரு" என்றாள். இல்லையடி, அது மாமா வைத்தது என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். எறிந்தால் அவள் அப்பா கொடுத்ததை எறிந்தது போல ஆகிவிடும். அதனால் சமைத்தேன்.

செதில் எடுக்கும்போதே, அந்த ஏரித் தண்ணீரில் மூன்று நாள் அவர் கிடந்தார், அதே தண்ணீரைக் குடித்து வளர்ந்த மீன் இது என்ற நினைப்பு. குடலை எடுக்க வயிற்றைக் கீறும்போது கண்ணை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு கீறினால் விரல்தான் அறுபடும், அறுபட்டது. மண் வாடை போகக் கல்லுப்பு போட்டு மூன்று தண்ணீரில் அலசினேன். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு தடவி, இரும்புச் சட்டியில் கொஞ்சமாக எண்ணெய் விட்டுப் பொரித்தேன். அவள் முள் எடுத்து ஒரு வாய் எனக்கு ஊட்டினாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் சோறு என் தொண்டையில் இறங்கியது. அவரைத் தின்கிறோமா என்று ஒரு பயம். ருசியாக இருந்தது என்பது அதைவிடப் பயம்.

அப்புறம் ஐந்து மாதம் அப்படியே போயிற்று. நீ வைப்பாய், அவள் எடுப்பாள், நான் பொரிப்பேன். ஒருநாள் ஆணி வெறுமையாக இருந்தது. நீ ஊரைவிட்டுப் போய்விட்டாய் என்று தையல் கூடத்தில் ஒருத்தி சொன்னாள். மகள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும்வரை பின்வாசலில் நின்றாள். மறுநாளும் நின்றாள். "அப்பாவுக்கு நம்ம மேல கோவமாம்மா?" என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் விடியுமுன் அண்ணனுடைய தூண்டிலை எடுத்துக்கொண்டு நான் ஏரிக்குப் போனேன்.

சிரிக்காதே. முதல் நாள் தூண்டில் நரம்பு என் கொண்டையில் சிக்கிக்கொண்டது. மண்புழுவை முள்ளில் கோப்பதற்குள் அழுதேவிட்டேன், புழுவுக்காகவா எனக்காகவா தெரியவில்லை. நாலாம் நாள் இரண்டு மாட்டின, விரல் நீளம். கோரையில் கோத்து, ஆணியில் மாட்டி, ஒன்றும் தெரியாதவள் போலப் போர்வைக்குள் புகுந்துகொண்டேன். அவள் எழுந்து ஓடிவந்து, வந்துவிட்டது என்று சொன்னபோது, நானும் அப்படியா என்று கேட்டுக் கண்ணைக் கசக்கினேன். செத்தவர் பேரால் பிள்ளையை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தும். ஆனாலும் விடவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரம், முதுகுக்குப் பின்னால் அவர் நிற்பதுபோல இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் இருக்க மாட்டார், தெரியும்.

போன மாதம் எனக்குக் கடுமையான காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. கண் விழித்தபோது வெயில் ஏறிவிட்டது. ஐயோ, ஆணி காலி என்று பதறினேன். மகள் வந்து நின்றாள். கையில் கோரை, கோரையில் நாலு மீன். "இன்னைக்கும் வந்துருச்சும்மா" என்றாள்.

தம்பி, பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அன்று நம்பினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தேன். ஆணிக்கு அடியில் தரை ஈரமாக இருந்தது. நீ எங்கோ ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறாய், நான் படுக்கையில் கிடக்கிறேன், வேறு யார்? அந்த ஈரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "நீங்களா?" என்று வாய்விட்டுக் கேட்டேன். பயம் இல்லை. சந்தோஷமாக இருந்தது, அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது. மறுநாளும் மூன்று மீன் வந்தது. காய்ச்சல் தணியாமல் இருந்தால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. கீழ்வானம் வெளுக்கும் நேரம் விழிப்பு வந்தது. பக்கத்துப் பாய் காலி. பின்கதவு சாத்தியபடி, தாழ் போடாமல் இருந்தது.

நான் ஏரிக்கரைக்கு எப்படி ஓடினேன் என்று எனக்கே நினைவில்லை. செருப்பு இல்லை. படித்துறையின் கடைசிப் படியில், முழங்கால் வரை தண்ணீரில், அப்பாவின் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள் பதினோரு வயதுப் பிள்ளை. பெயர் சொல்லிக் கத்த வாய் திறந்தேன். கத்தினால் திடுக்கிட்டு வழுக்கிவிடுவாள் என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஒவ்வொரு படியாக இறங்கிப் போய் அவள் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் திரும்பவில்லை.

"பேசாதம்மா, கடிக்குது" என்றாள்.

சுண்டி இழுத்தாள். வெள்ளிக் கெண்டை ஒன்று துள்ளிக்கொண்டு வந்தது. அதை முள்ளிலிருந்து கழற்றிப் பாத்திரத்தில் போட்ட பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். கோபம் தாங்காமல் கையை ஓங்கினேன். ஓங்கிய கை அவளை அணைத்துக்கொண்டது.

"நீதான் பிடிக்கிறன்னு எனக்குத் தெரியும்மா. மாமா முடிச்சு ரெட்டை, உன் முடிச்சு ஊசியில நூல் கோத்து முடியற மாதிரி இருக்கும்" என்றாள்.

மாமா வைத்ததும் தெரியுமா என்று கேட்டேன்.

"மொத ரெண்டு நாள் நெசமாவே அப்பான்னு நெனச்சேன். அப்புறம் ஜன்னல் வழியா மாமாவைப் பாத்துட்டேன். சொன்னா நீ மறுபடி தூக்கி எறிஞ்சிருவ. அந்த மீனைத் தின்னப்பதான் நீ சோறு தின்ன."

அப்படியானால் அப்பாவுக்குக் கோபமா என்று ஏன் கேட்டாய் என்றேன். மாமா பேரைச் சொல்ல முடியாமல்தான் அப்படிக் கேட்டேன், வாசலில் நின்றதெல்லாம் அவருக்காகத்தான் என்றாள். மாமா வருகிறாரா என்று பார்ப்பாளாம். நான் தூண்டிலைத் தொட்ட பிறகு என் முகம் கொஞ்சம் தேறியதாம், அதனால் வாயைத் திறக்காமல் இருந்தாளாம். காய்ச்சலில் ஆணி காலியாகக் கிடந்தால் நான் அழுவேன் என்று அவளே போயிருக்கிறாள். ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று இரண்டு பேரும் அவரை உயிரோடு வைத்துக்கொண்டிருந்தோம், தம்பி. அந்த ஏமாற்று இன்னும் ஒரு வாரம் ஓடியிருந்தால், அந்தப் பாசிப் படி என் பிள்ளையையும் இழுத்திருக்கும்.

அங்கேயே உட்கார்ந்து அவள் ஒன்று கேட்டாள். "அப்பா தண்ணிக்குள்ள போறப்ப பயந்தாரா?"

எனக்குப் பதில் தெரியாது. தெரிந்தவன் நீ ஒருவன்தான். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ கேட்பதற்கு முன் நான் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அன்று காலை மீன் பிடிக்க ஏரிக்குப் போக நீ தெருமுனையில் நின்று விசில் அடித்தாய். நீ கூப்பிட்டதால்தான் அவர் வந்தார், நீதான் எமனாகப் போனாய் என்று நீயே உன் அக்காவிடம் சொல்லி அழுதாயாம். அது உண்மையல்ல. விசில் கேட்டதும் அவர் புரண்டு படுத்தார். காற்று பெரிதாக இருக்கிறது, அவன் பார்த்துவிட்டுத் தானே போய்விடுவான் என்றார். அன்று மதியம் என் அண்ணன் குடும்பம் விருந்துக்கு வருவதாக இருந்தது. நான் மீனுக்கு மசாலா அரைத்து வைத்துவிட்டேன். "ஊருக்கெல்லாம் வீரப் பேச்சு, காத்துக்குப் பயந்து போர்வைக்குள்ள படுத்துக்கிறீங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அரைத்த மசாலா மூன்று நாள் கிண்ணத்திலேயே கிடந்து புளித்தது. பக்கத்து வீட்டுக்காரிதான் கொட்டிக் கழுவினாள்.

உன்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னபோது, என் பழியைத்தான் உன் தலையில் இறக்கி வைத்தேன். அதைச் சுமந்துகொண்டு நீ ஊரைவிட்டே போனாய். இனி சுமக்காதே.

லீவு கிடைக்கும்போது ஒரு நடை வா. உன் அக்கா என்னைத் திட்டுவாள், திட்டட்டும். பிள்ளையை உட்கார வைத்து நடந்ததைச் சொல். அவர் பயந்திருந்தால் பயந்தார் என்றே சொல். ஆறுதலுக்காக ஒன்றும் கூட்டிச் சொல்லாதே, அவள் முடிச்சைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கிறவள். நீ அவர் கையைப் பிடித்திருந்து விட்டிருந்தால், அதையும் சொல். கேட்கிற தெம்பு எங்களுக்கு இருக்கிறது. கடைசியில் அவர் என் பெயரைச் சொன்னாரா, என்னைத் திட்டினாரா, எதுவாக இருந்தாலும் அதை எனக்குத் தனியாகச் சொல்.

நீ கரையேறியது தப்பில்லை, தம்பி. நீயாவது வந்தாயே. நல்லபடியாகச் சாப்பிட்டு, நல்லபடியாகத் தூங்கி, நூறு வருடம் இருக்க வேண்டும் நீ.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அண்ணி