காலிக் கட்டம்

தேவிகுளம்
4-6-1973

அன்புள்ள சாம்பு,

நானும் அன்னாள் அக்காவும் சுகம். மழைதான் விடுவேனா என்கிறது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு பெற வேண்டியவர்களை உங்கள் கம்ப்யூட்டர் பொறுக்கித் தரப்போவதையும், அதற்கான விதிகளை மெஷினுக்குப் போடும் அட்டையில் எப்படி எழுதுவது என்று நீ என்னிடம் யோசனை கேட்டதையும் அக்காவிடம் சொன்னேன். "காலேஜில சோத்தைப் பங்கு போட்ட பயலுக, இப்ப மிஷினையும் பங்கு போடுதீகளாக்கும்!" என்று ஒரே சிரிப்பு.

எண்ணுக்குப் பக்கத்தில் பெயரையும் எழுத விடு. 'இரண்டாம் டிவிஷன், ஓய்வு வயது 58' என்று. வெறும் எண்ணைக் கட்டம் பார்த்து நிரப்பச் சொன்னால் எங்கள் ஆபீசில் யாராவது, ஏன் நானே, சொதப்பிவிடுவோம்.

உன்
பாஸ்கல்

கல்பாத்தி
12-6-1973

அன்புள்ள பாஸ்கல்,

நீ சொன்னது நியாயம். ஆனால் வார்த்தைகளையும் படிக்க வைத்தால் புரோகிராம் இரட்டிப்பாகும், மெஷினில் இடமில்லை. எங்கள் தலைவர் துரைசுவாமி சார், "கார்டுல கதாகாலட்சேபம் பண்ணப் போறயாடா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். மானம் போயிற்று. அதனால் வெறும் எண்தான். டிவிஷனுக்கு ஒரு வரி. முதல் கட்டத்தில் டிவிஷன், அடுத்ததில் வயது. இத்துடன் படிவம் வைத்திருக்கிறேன். நீயே நிரப்பு, வேறு யாரையும் நம்பமாட்டேன். அக்காவுக்கு என் நமஸ்காரம்.

உன்
சாம்பசிவன்

தேவிகுளம்
19-7-1973

சாம்பு,

பட்டியல் வந்தது. இரண்டாம் டிவிஷனில் கொழுந்தெடுக்கும் அறுபத்திரண்டு பேரும் இருக்கிறார்கள், ஒருவர் விடாமல். அக்காவும். அவளுக்கு நாற்பத்தொரு வயதுதான்.

முதல் டிவிஷனுக்கு 58 எழுதினேன். இரண்டாவதன் கட்டத்தைக் காலியாக விட்டேன். எங்கள் பேரேட்டில் காலிக் கட்டம் என்றால் மேலே உள்ளதே இதற்கும் என்று அர்த்தம். வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து அப்படித்தான். உன் மெஷின் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டதா? பூஜ்யத்தைத் தாண்டிய எல்லாரும் கிழடா?

மேனேஜர் ஆள் குறைக்கக் காத்திருந்தவர். "மெஷினுக்கு யார் மேலயும் பகை உண்டா?" என்கிறார். வேலை போனால் அவள் பெயரில் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். என்னை வளர்த்துப் படிக்கவைத்தவள்டா அவள். என் கையாலேயே இப்படிச் செய்துவிட்டேனே! 'தப்பு எங்களுடையது' என்று உங்கள் ஆபீஸ் ஒரு வரி எழுதினால் போதும். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

பாஸ்கல்

கல்பாத்தி
3-8-1973

அன்புள்ள பாஸ்கல்,

உன் கடிதம் கிடைத்தது. கட்டம் காலியாக இருந்தால் மெஷின் நின்றுவிடும்படி திருத்தி, புதுப் பட்டியல் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அதில் அக்கா பெயர் இல்லை. ஆனால் தப்பு என்று எழுதித் தர சார் சம்மதிக்கவில்லை. "ஒத்துண்டா நாளைக்கு யாருடா வேலை குடுப்பா?" என்கிறார். நானாகக் கையெழுத்துப் போட்டால் என்னை அனுப்பிவிடுவார்கள். எனக்குத் தைரியம் இல்லை, பாஸ்கல்.

சாம்பு

தேவிகுளம்
2-9-1973

சாம்பசிவனுக்கு,

புதுப் பட்டியலை மேனேஜரிடம் நீட்டினேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டி, "கையெழுத்து யாருது?" என்றார். யாருடையதும் இல்லை என்றேன். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டைக் காலி செய்தாயிற்று. அக்கா உடும்பஞ்சோலைக்கு ஏலக்காய் பறிக்கக் கூலிக்குப் போய்விட்டாள். பஸ் ஏறும்போது, "சாம்பு தம்பியை வையாதடா. நான் நல்லா இருக்கேன்னு எழுதிப் போடு" என்றாள்.

அவள் சொன்னதை எழுதிவிட்டேன். நானாக எழுத ஒன்றுமில்லை.

பாஸ்கல்