முப்பத்து நான்காவது சோதனை

நாரின்,
3 நவம்பர் 1996

மெலிசுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. பெர்மெத் எழுதியிருந்தாள். புத்தாண்டு விடுமுறைக்கு இங்கே வர ஆசைப்படுகிறாளாம், நீ விடமாட்டேன் என்கிறாயாம். "அந்த வீட்டில் அந்த அடுப்பு இருக்கும்வரை வேண்டாம்" என்று மாமா சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாள். அவளுக்குப் பதினாறு வயது. என் மகள். ஆறு வயதில் அவள் அம்மாவைப் புதைத்த மூன்றாம் நாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீ அழைத்துப் போனாய். நானும் அன்று பேசும் நிலையில் இல்லை.

உன் அக்கா சல்கினைக் கொன்றது என் அடுப்பு என்று ஆய்வுக்குழு எழுதியது. இயற்பியல் வாத்தியார் புத்தகம் பார்த்து அடுக்கிய செங்கல், புகை உள்ளே திரும்பிவிட்டது என்றார்கள். அரை நாளில் பார்த்து அரைப் பக்கத்தில் எழுதிய தீர்ப்பு. மாவட்டக் கண்காட்சியில் அதே அடுப்புக்குப் பரிசு தந்தவர்களும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் பெயர்கள் எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.

பத்து வருடமாகப் பூட்டிக் கிடந்த அந்த அறையைத் திறந்துவிட்டேன். நாளை முதல் அடுப்பை மூட்டிச் சோதிக்கப் போகிறேன். குறை இருந்தால் நானே இடிப்பேன். இல்லையென்றால் பெர்மெத்தை அனுப்பி வை. இதுதான் பேச்சு.

எசென்குல்

பிஷ்கெக்,
15 நவம்பர் 1996

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. நானும் குடும்பமும் சுகம். பஜாரில் செருப்பு விற்கிறேன், இரண்டும் இடதுகாலாக வந்த பெட்டியைக்கூட விற்றுவிட்டேன் என்றால் பாருங்கள்.

பெர்மெத் உயரமாகிவிட்டாள். கோபம் வந்தால் உங்களைப்போலவே உதட்டைக் கடிக்கிறாள். அவளை உங்களிடமிருந்து பிரிக்க வேண்டும் என்று எனக்கு ஆசையா? நீங்களே இங்கு வந்து ஒரு வாரம் இருங்களேன். அந்த அறையைத் திறந்திருக்க வேண்டாம், அத்தான். தனியாள் வேறு. சோதனை எதற்கு? நடந்தது நடந்துவிட்டது.

மெலிஸ்

நாரின்,
28 நவம்பர் 1996

மெலிசுக்கு,

செருப்புக் கதை நன்றாக இருந்தது. நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை.

இதுவரை பதினேழு சோதனைகள். முறையைச் சொல்கிறேன். நம் வீட்டில் செய்ததுபோலவே கரி. எரிந்து தணல் ஆனதும், சல்கின் செய்வதுபோல், சூடு மேலே ஓடிவிடாமல் புகைக்குழாயின் இரும்புத் தட்டைக் கடைசிவரை தள்ளி மூடுகிறேன். தட்டின் மூலையில் மூன்று விரல் நுழையும் ஓட்டை வைத்திருக்கிறேன். முழுக்க மூடினாலும் மிச்சப் புகை அது வழியாக வெளியேறிவிடும். என் அடுப்பின் உயிரே அந்த ஓட்டைதான். அவள் கட்டிலின் பக்கத்தில் மூன்று உயரங்களில் தாள் தொங்கவிட்டிருக்கிறேன். பள்ளி வேதியியல் அறையில் கெஞ்சி வாங்கிய பல்லேடியம் உப்பில் நனைத்த தாள், விஷப்புகை பட்டால் கறுக்கும். கூடவே கூண்டில் ஒரு கோழி.

கோழி பக்கத்து வீட்டு சைனாகுல் அக்காவுடையது. "என்ன வாத்தியாரே, கோழிக்கு அறை வாடகைக்கு விட்டாச்சா? வெந்நீர் வசதி உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள். மாலையில் திரும்பக் கொண்டுபோனால், "பாவம், பரீட்சை எழுதிட்டு வருது" என்கிறாள். அவள் சிரிக்கட்டும். இந்தத் தெருவில் என்னோடு பேசும் ஒரே ஆள்.

தாள் ஒன்றுகூடக் கறுக்கவில்லை. பழைய குறிப்பேட்டையும் எடுத்துப் பார்த்தேன். 1987 ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு வாளிக் கரி. 12ஆம் தேதியிலிருந்து ஒன்றரை வாளி. "செங்கலின் ஈரம் முழுதும் காய்ந்துவிட்டது, அடுப்பு தன் உண்மையான திறனைக் காட்டுகிறது" என்று எழுதியிருக்கிறேன். இதுவா கொல்லும் அடுப்பு?

ஒன்று சொல்ல வேண்டும். சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கண்டதை எழுதுவது என் வழக்கம். பிற்பகல் மூன்று மணி ஆனால் கோழி கட்டிலைப் பார்த்துத் திரும்பி உட்கார்கிறது. பதினேழு நாளும். கூண்டின் திசையை மாற்றினேன், அப்போதும் திரும்பிக்கொண்டது. கடைசி நாளன்று அவள் ரொட்டி சுட்டுவிட்டுப் படுத்தது அந்த நேரம்தான். வெளிச்சம் அப்போது அந்தப் பக்கம் விழுகிறது, அதனால் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

எசென்குல்

பிஷ்கெக்,
6 டிசம்பர் 1996

அத்தான்,

நிறுத்திவிடுங்கள். கோழியும் தாளும் போதும். உங்கள் அடுப்பு நல்ல அடுப்பு என்று நானே எழுதித் தருகிறேன். ஆனால் பெர்மெத் இந்த வருடம் வேண்டாம். வழியில் டோலோன் கணவாயில் இப்போதே பனி. அடுத்த வருடம் பார்க்கலாம்.

மெலிஸ்

நாரின்,
14 டிசம்பர் 1996

மெலிசுக்கு,

அடுப்பு நல்லதாம், மகள் வேண்டாமாம். கணவாயின் பனி உனக்கு இந்த வருடம்தான் கண்ணில் பட்டதா?

முப்பத்து மூன்று சோதனைகள் முடிந்தன. கடைசி நான்கில் கோழியை வைக்கவில்லை, நானே அந்தக் கட்டிலில் படுத்தேன். இரண்டு மணி நேரம், கதவு ஜன்னல் அடைத்து. தலைவலிகூட இல்லை. தாள்கள் வெள்ளையாகவே இருக்கின்றன.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முதல் பத்துத் தாளுக்குச் சந்தோஷப்பட்டேன். இப்போது அந்த வெள்ளையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. அடுப்பு கொல்லவில்லை என்றால் அந்த அறையில் எது கொன்றது? நேற்று படுத்திருந்தபோது, தட்டு அதன் பள்ளத்தில் உரசும் ஓசை கேட்டது. யாரோ மெதுவாக, சத்தம் வராமல் தள்ளுவதுபோல. எழுந்து பார்த்தேன், வைத்த இடத்தில்தான் இருந்தது. சூடு ஆறும்போது இரும்பு சுருங்கும். பாடத்தில் நானே வருடந்தோறும் சொல்லித் தருவதுதான். ஆனாலும் "சல்கின்?" என்று கூப்பிட்டுவிட்டேன்.

குறிப்பேட்டின் நகலை ஆய்வுக்குழுவுக்கும் பெர்மெத்துக்கும் அனுப்பப் போகிறேன். அவள் இறந்த அன்று வீட்டுக்குள் முதலில் நுழைந்தவன் நீ. ஏதாவது பார்த்திருந்தால் இப்போது சொல்.

எசென்குல்

பிஷ்கெக்,
21 டிசம்பர் 1996

அன்புள்ள அத்தானுக்கு,

பெர்மெத்துக்கு அனுப்புவதற்குமுன் இதைப் படியுங்கள். உள்ளே இருப்பது அக்கா எனக்கு எழுதிய கடிதம். தேதி 1987 ஜனவரி 5. பத்து வருடமாக என் கோட்டின் உள்பையில் இருக்கிறது. கோட்டை மாற்றினேன், இதை மாற்றவில்லை. கசங்கியிருக்கும், படிக்க முடியாமல் போகலாம் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

"மெலிஸ், உன் அத்தான் கரி வாளியை எண்ணுறார்டா. ரெண்டு வாளி ஆச்சுன்னா அன்னிக்கு சாப்பிடும்போது பேச்சே கிடையாது. கண்காட்சியில ஒன்றரைன்னு சொல்லிட்டாராம். தட்டுல ஒரு ஓட்டை வெச்சிருக்கார், சூடெல்லாம் அது வழியா போகுது. அம்மா பழைய வீட்டுல களிமண்ணும் குதிரைமுடியும் பிசைஞ்சு அடைப்பாளே, அப்படி அடைச்சிடவா? ஆபத்து இல்லையே? நீதான் கொதிகலன்ல வேலை பார்க்கிறவன். அவர்கிட்ட கேட்டா ஒரு மணி நேரம் பாடம் நடத்துவார். நீ ஒரே ஒரு வரி எழுதிப் போடு. அவருக்குத் தெரியவேண்டாம், வாளி குறைஞ்சதைப் பார்த்து தானா சந்தோஷப்படட்டும்."

நான் ஒரு வரி எழுதினேன். "தாராளமா அடைச்சிடு அக்கா, அம்மா நாற்பது வருஷம் அடைச்சா, நாம எல்லாம் உயிரோடதானே இருக்கோம்?"

அம்மா எரித்தது சாண வறட்டி, அத்தான். அது எரிந்து தீர்ந்தபிறகு அடைப்பாள். கரியின் தணல் மணிக்கணக்காக உள்ளே புகைந்துகொண்டிருக்கும். கொதிகலனில் மூன்று வருடம் வேலை செய்தவனுக்கு அது தெரியும். எழுதும்போது நினைக்கவில்லை. நண்பர்கள் காத்திருந்தார்கள், பேனாவை வைத்துவிட்டு ஓடினேன்.

அன்று நான் ஊருக்கு வந்திருந்தேன். நீங்கள் பள்ளியிலிருந்து வருவதற்குமுன் தட்டை உருவிப் பார்த்தேன். களிமண் இருந்தது, அவள் விரல் தடம் பதிந்திருந்தது. கரண்டியால் தட்டி உதிர்த்து, சாம்பலோடு வெளியே கொட்டினேன். பிறகு ஆய்வுக்குழு வந்து திறந்த ஓட்டையைப் பார்த்தது. குறை செங்கலில் என்று எழுதியது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

பெர்மெத்தை அழைத்துப் போனது பாசத்தால் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உங்கள் முகத்தை அவள் முகத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் எனக்குத் தண்டனை என்று நினைத்தேன். பிறகு பாசமும் வந்துவிட்டது. அவள் உங்களிடம் வந்தால் நீங்கள் இருவரும் உட்கார்ந்து கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று பயந்தேன்.

அவளை 30ஆம் தேதி வண்டியில் ஏற்றிவிடுகிறேன், நீங்கள் சொன்னால். அவளிடம் என்ன சொல்வது என்பதும் உங்கள் கையில்.

மெலிஸ்

நாரின்,
27 டிசம்பர் 1996

மெலிஸ்,

வண்டிக்காரர் பையில் வந்ததால் உன் கடிதம் மூன்றே நாளில் கிடைத்தது. நேற்று முப்பத்து நான்காவது சோதனையைச் செய்தேன்.

களிமண்ணும் குதிரைமுடியும் பிசைந்து ஓட்டையை அடைத்தேன். கரி மூட்டி, தணல் ஆனதும் இரண்டரை மணிக்குத் தட்டைத் தள்ளிவிட்டு வெளியே வந்து பூட்டினேன். கோழியை வைக்க மனம் வரவில்லை. ஜன்னலில் படிந்த பனியை ஊதிக் கரைத்து, அந்த வட்டம் வழியாகத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சைனாகுல் அக்கா வேலிக்கு அப்பால் இருந்து, "வாத்தியாரே, சொந்த வீட்டையே எட்டிப் பார்க்கிறீங்களே, உள்ள யாரு?" என்று கேட்டாள். நான் திரும்பவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.

இருபது நிமிடத்தில் கட்டிலின் உயரத்தில் இருந்த தாள் சாம்பல் நிறமானது. நாற்பதில் கறுத்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கதவு எனக்கு நான்கு அடி தூரத்தில் இருந்தது.

என் அடுப்பு சரிதான். நிரூபித்துவிட்டேன். ஒன்றரை வாளி என்ற அந்தக் குறிப்பின் கீழே "திறன்" என்று இரண்டு முறை கோடிட்டிருக்கிறேன். அன்று சாயங்காலம் அவளிடம் அதை வாசித்தும் காட்டினேன். அவள் சிரித்தாள். அடுப்பைப் பாராட்டியதற்குச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பு எனக்குப் பழக்கமில்லாத வேலை, இந்த வயதில் தொடங்குவதாகவும் இல்லை. ஒரு வரி எழுதப் பேனா எடுத்தவன், ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். உன் அக்கா என்னிடம் கேட்கப் பயந்தாள் என்பதையும் நான் மன்னிக்கவில்லை. அதை யார் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியும்.

இப்போது பெர்மெத். அவள் போன கடிதத்தில் என்னிடம் ஒரே கேள்வி கேட்டிருந்தாள்: "அப்பா, அது அடுப்பால்தானா?" நீ பத்து வருடமாக ஆம் என்று சொல்லி வைத்திருக்கிறாய். நானும் ஆம் என்றே இன்று எழுதிவிட்டேன். செங்கல் அடுக்கியதில் என் தவறு என்று, ஒரு பக்கம், படம் போட்டு விளக்கி. நம்புவாள். நான் தவறை ஒப்புக்கொண்டு அவள் பார்த்ததில்லை.

அவள் அம்மாவின் விரல் தடத்தைப் பற்றி அவளுக்குத் தெரியக்கூடாது. உன் வரியைப் பற்றியும் தெரியக்கூடாது. இத்தனை வருடம் அவளுக்குத் தலை வாரிவிட்டவன் நீ, அந்த ஆளை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு உரிமையில்லை. சல்கினின் கடிதத்தைத் திருப்பி அனுப்பமாட்டேன். அது என்னைப் பற்றியது.

30ஆம் தேதி அவளை ஏற்றிவிடாதே. இந்த வீட்டில் அவளுக்குத் தூக்கம் வராது, எனக்கும் வராது. இன்று காலை அடுப்பை இடித்துவிட்டேன், செங்கல் முற்றத்தில் குவிந்து கிடக்கிறது. ஜூன் மாதம் இங்கே யாருக்கும் அடுப்பு தேவைப்படாது. அப்போது வருவாளா என்று கேட்டு எழுது. நீ வரவேண்டாம்.

எசென்குல்