ஒரு மீற்றர் எண்பது

இந்தப் பின்னேரம் அந்தச் சின்னத்தைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தேன். பித்தளை மினுக்கிய மருந்தின் மணம் இன்னும் போகவில்லை. சட்டையில் குத்திப் பார்க்க மனம் வரவில்லை. மேசையில் வைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன். வீதிப் பாதுகாப்பில் தேர்ந்த பொலிசாருக்கு இப்போது பரீட்சை வைத்து இப்படியொரு தகுதிச் சின்னம் கொடுக்கிறார்கள். வெயிலில் கைகாட்டி நிற்கிற எங்களையும் தொழில் தெரிந்தவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்களா என்று நீதான் ஓயாமல் புறுபுறுத்தாய். சொல்லிவிட்டார்கள். கேட்கத்தான் நீ இல்லை.

நாங்கள் இருவரும் சேர்ந்து அளந்த முதல் மரண விபத்து பலாலி வீதியில். சைக்கிளில் போன மனுசன். வீதியில் அடையாளம் போடக் குனிந்த எனக்கு அழுகை வந்து, அழுத்திய வெண்கட்டி இரண்டாய் முறிந்தது. நீ அளவு நாடாவின் நுனியைப் பிடித்தபடி குந்தியிருந்து, “முதல்லை அடையாளத்தை வை. பிறகு இருந்து அழு” என்றாய். அன்றிலிருந்து நாடாவின் நுனி உன் கையில்தான். வாசித்து எழுதுவது நான். என் கோழிக்கிறுக்கலைப் பார்த்து, “நீ டொக்டருக்கெல்லோ படிச்சிருக்கோணும்” என்று நக்கலடிப்பாய்.

சனத்துக்கு நாள் முழுக்கத் தலைக்கவசப் பிரசங்கம் வைத்த நாங்களே ஒரு பிழை விட்டோம். சந்தியில் நிற்கும்போது தலையில் தொப்பி. அடுத்த சந்திக்கு மாறும்போதும் அதே தொப்பியோடு மோட்டார் சைக்கிளில் ஏறிவிடுவோம், தலைக்கவசம் கைப்பிடியில் தொங்கும். தொப்பியைக் கழற்றி எங்கே வைக்கிறது என்கிற பஞ்சிதான், வெறும் சோம்பல். “உதிலை இருக்கிற சந்திதானே” என்பாய். நானும் அப்படித்தான் போனேன். எங்களை யார் மறிக்கப்போகிறார்கள்?

அன்று நீ கொக்குவில் ரயில் கடவையில் நின்றாய், நான் திருநெல்வேலிச் சந்தையடியில். ஒரு லொறி குறுக்கே பழுதாகி நின்றுவிட்டது. பஸ்காரர் ஹோர்ன் அடித்த அடியில் எனக்கு விசர் வந்தது. கைபேசியில் உன்னைக் கூப்பிட்டு, “என்னடா செய்யிறாய் அங்கை? கெதியா வா, எல்லாம் அடைச்சுப் போச்சு” என்று கத்தினேன். “வாறன், வாறன், கத்தாதை” என்றாய்.

ஒழுங்கையிலிருந்து நிற்காமல் பெரிய வீதியில் ஏறியிருக்கிறாய், வந்த பஸ் அடித்துவிட்டது. பஸ் சாரதியில் பிழையில்லை. பார்த்த சனமும் அதைத்தான் சொன்னது, தார் வீதியில் கிடந்த அடையாளமும் அதைத்தான் சொன்னது.

நான் ஓடிவரும்போது உன்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. வேறு ஆள் வரட்டும் என்று பொறுத்தால் எல்லாம் கழுவுப்பட்டுப் போய்விடும். ஆகவே நானே அளந்தேன். நாடாவின் நுனியில் ஒரு கல்லைத் தூக்கி வைத்தேன். உன் தலை கிடந்த இடத்துக்கும் தலைக்கவசம் உருண்டுபோய் நின்ற இடத்துக்கும் இடையில் ஒரு மீற்றர் எண்பது. முதலில் அடையாளத்தை வைத்தேன் மச்சான். பிறகு அழு என்றாயே, எனக்கு அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

மேலதிகாரி ஒருவர் தோளில் கைபோட்டு, “ஹெல்மெட் போட்டிருந்தவர் எண்டு எழுதிவிடும், செத்த மனுசனுக்கு ஒரு மரியாதை” என்றார். அணியவில்லை, சனம் கண்டபடி கைப்பிடியில் தொங்கியது என்றே எழுதினேன். மரண விசாரணையில் அதை வாசித்தபோது உன் மனுசி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவே இல்லை.

சின்னத்துக்கான நேர்முகத்துக்கு நான் கொடுத்தது வேறு மூன்று விபத்துகளின் வரைபடங்கள். அவர்கள் பழைய கோவைகளைக் கிண்டி உன்னுடையதை எடுத்து வைத்திருந்தார்கள். அந்த வரியை உரத்து வாசித்துவிட்டு, “கூட வேலை செய்தவர் எண்டும் பாராமல் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறீர்” என்று மெச்சினார்கள். எனக்கு வெட்கமாய் இருந்தது. அந்த வரைபடத்தில் பஸ் இருக்கிறது, மதகு இருக்கிறது, மின்கம்பம் இருக்கிறது. உன்னை அவசரப்படுத்திக் கூப்பிட்டவன் அதில் எங்கேயும் இல்லை.

இன்று காலை கொக்குவிலில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனுசி படலையடியில் வந்து நின்றாள். சின்னத்தைக் காட்டத்தான் வந்தேன் என்று நினைத்திருப்பாள். “தங்கச்சி, அண்டைக்கு அவனைக் கெதியா வா எண்டு கத்தினது நான்தான்” என்றேன்.

“தெரியும் அண்ணை” என்றாள். “இவரின்ரை போனிலை கடைசியா உங்கடை பேர்தானே கிடந்தது. ஹெல்மெட் போடேல்லை எண்டு எழுதினதுக்கு எனக்குக் கோவமில்லை, அது உண்மை. இதையும் நீங்களே வந்து சொல்லுவியள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான். நாலு வருசம்.”

உள்ளே வாங்கோ என்று அவள் கூப்பிடவில்லை. நான் தலைக்கவசத்தின் பட்டியைக் கொழுவும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போதெல்லாம் தெருவின் அந்தப் பக்கம் போவதற்கும் அந்தப் பட்டியைக் கொழுவுகிறேன். காதடியில் அது ‘டிக்’ என்று பூட்டும்போது உன் குரலும் கேட்கிறது. நான் கூப்பிடவே இல்லை, கத்தவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் நீ “வாறன், வாறன்” என்கிறாய்.